புதன்கிழமை காலைக் காட்சி

டயர் வெடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று சுகந்திக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் இப்போது அவள் பாடு. திரையில் டெம்போ மேம்பாலம் ஏறுகிறது, கதாநாயகன் எதையோ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிறான், பக்கத்தில் அவன் தம்பி வேர்க்கடலை உரிக்கிறான், மூன்றாவது கடலையை வாயில் போடும்போது டமால். கை காதுக்குப் போய்விடக் கூடாது, முந்திக்கொண்டு போனால் தொலைந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். முதல் கடலை. இடது பக்கம் கணவன் ஜெகதீசன், அவனுக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேர். வலது பக்கம் மகள் ஆதினி, ஒன்பது வயது, அவளுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஏழு பேர். வரிசைக்கு நட்டநடுவில் இடம் பிடிப்பான் ஜெகதீசன், ஒலி நாலா பக்கமும் சமமாக வரும் என்பான், எழுந்து போக வேண்டுமென்றால் எட்டு ஜோடி முழங்காலைத் தாண்ட வேண்டும் என்பதை அவன் யோசித்ததில்லை, அவனுக்கு நடுவில் எழுந்து போக வேண்டி வந்ததேயில்லை. இரண்டாவது கடலை. ஏசி பின்கழுத்தில் வந்து விழுகிறது, சால்வை கொண்டு வந்திருக்கலாம், புதன்கிழமை கொண்டு வந்திருந்தாள், புதன்கிழமை என்று நினைக்காதே. டமால். அரங்கமே துள்ளியது. ஆதினி வீல் என்று கத்தி அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். சுகந்தி அரை விநாடி பிந்தித் துள்ளினாள், துள்ளிவிட்டு ஓரக்கண்ணால் இடது பக்கம் பார்த்தாள், ஜெகதீசன் சிரித்தபடி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் பார்ப்பான். படம் பாதி, அவள் முகம் பாதி, அப்படித்தான் அவன் இரண்டு வருடமாகப் படம் பார்க்கிறான், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் பாட்டுக்கு ஒரு படத்தைப் பார்த்து அழுதுகொண்டே வெளியே வந்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். ஜெகதீசன் அப்போதுதான் 'சனிக்கிழமை குடும்பம்' என்று யூடியூபில் சேனல் ஆரம்பித்து, படம் முடிந்த கையோடு தியேட்டர் வாசலில் மூன்று பேரும் நின்று கருத்துச் சொல்வதைப் போட்டுக்கொண்டிருந்தான், இருநூறு பேர் பார்த்தால் அதிகம், அதில் பாதி அவனோடு டைல்ஸ் ஷோரூமில் வேலை பார்க்கிறவர்கள், மீதிப் பாதி சொந்தக்காரர்கள். அன்றைக்கு அவன் செல்போனை நீட்டினான், அவள் வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை, மூக்கு சிவந்து உதடு கோணி, ஐயோ அந்த உதடு, முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனபோது ஜெகதீசன் படம் எடுத்துக்கொண்டே சொன்னான், "துடைக்காத சுகா, அப்படியே இரு." பதினோரு லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் சுகந்தி இல்லை, அழுகாச்சி அக்கா. அக்கா அழுதால் படம் தேறும், அக்கா கண் காய்ந்திருந்தால் காசு தண்டம், இப்படி ஜனங்கள் கீழே எழுதினார்கள். ஆபீசில், அவள் பெருங்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் பிரிவில் இருக்கிறாள், சர்க்கரை நோயாளி ஒருவர் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே உற்றுப் பார்த்து, "நீங்க அவங்கதான? கொஞ்சம் அழுது காட்டுங்களேன், என் பொண்ணு நம்ப மாட்டா" என்று செல்போனை எடுத்தார். சிரித்து மழுப்பினாள். ஜெகதீசனிடம் சொன்னபோது அவன் பூரித்துப்போனான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் பெரிய கஷ்டம். கெட்டவனாக இருந்தால் கோபப்படலாம். சனிக்கிழமை காலை அவனே தோசை வார்ப்பான், அவளுக்கு எந்தப் புடவை எடுப்பாக இருக்கும் என்று பார்த்து இஸ்திரி போட்டு வைப்பான், கண்மை மட்டும் வேண்டாம் என்பான், வழிந்தால் அசிங்கமாக இருக்குமாம். சேனலுக்கு அவன் சட்டம் வைத்திருந்தான். படம் வந்த மறுவாரச் சனிக்கிழமை மதியக் காட்சி, மூன்று பேரும் சேர்ந்துதான், அதற்கு முன்னால் டிரெய்லர் கூடாது, விமர்சனம் படிக்கக் கூடாது, ஆபீசில் யாராவது கதை சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும். முதல் தடவை வருகிற அழுகைதான் அழுகை, இரண்டாவது தடவை வருவது நடிப்பு, ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பான். இதோ இப்போது அவள் இரண்டாவது தடவை உட்கார்ந்திருக்கிறாள். முதல் தடவை வர வேண்டியது மூன்று நாள் முன்பே வந்து, மிச்சம் வைக்காமல் தீர்ந்துபோய்விட்டது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் வாசலில் அவள் அழ வேண்டும், அழாவிட்டால் ஏன் என்று கேட்பான், கேட்டால் அவளுக்குப் பொய் சொல்ல வராது, உள்ளதைச் சொன்னால் புதன்கிழமை போய்விடும்.

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சரியான இடத்தில்தான். புதன்கிழமை இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை, மொத்தம் ஒன்பது பேர், ஒன்பது பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் முகம் காட்டாமல், என்னவோ தப்புச் செய்ய வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில். வேலை நாளில் காலைக் காட்சிக்கு வருகிறவர்கள் யார் என்று அவள் அதற்கு முன்னால் யோசித்ததே இல்லை. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, சனிக்கிழமை எப்படியும் வரத்தான் போகிறோம் என்று தெரிந்தே, இதே மாலுக்கு ஆட்டோவில் வந்தாள். ஏன் என்று யாராவது கேட்டால் அவளால் சொல்ல முடியாது. இந்தப் படத்தின் போஸ்டரை வேளச்சேரி சிக்னலில் பார்த்தபோது, ஒரு பெண் டிபன் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள், அதைப் பார்த்ததும் இந்தப் படத்தை மட்டும் நான் பார்க்க வேண்டும், என்னை யாரும் பார்க்காமல் நான் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான். வேறொருத்தனோடு வந்திருந்தால்கூட இவ்வளவு நெஞ்சு அடித்திருக்காது. கவுண்டரில் ஒரு டிக்கெட் என்றாள். ஒண்ணுதானா மேடம் என்றார்கள். ஒண்ணுதான். ஆப்பில் எடுத்தால் ஜெகதீசனின் கணக்கில் காட்டும் என்று ரொக்கமாகக் கொடுத்தாள், அதுவரைக்கும் யோசித்திருந்தாள், கெட்டிக்காரி. கடைசி வரிசையில் ஓரத்து இருக்கை, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டாள், சால்வையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டாள், பாப்கார்னை ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் வைத்துக் கரைய விட்டாள். அந்த உப்பு. அந்த உப்பின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அந்தக் காட்சி வந்தது, ஊரே அழுகிற தம்பி சாகும் காட்சி இல்லை, அதற்கு வெகு நேரம் முன்னால் ஒரு சின்னக் காட்சி, பஸ் காட்சி. கதாநாயகனுக்கு ஒரு அக்கா, டிப்போ கேண்டீனில் வேலை. கடலை உரித்த அந்தச் சின்னத் தம்பிக்கு ஆசையாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போகிறாள், அவன் நண்பர்களோடு பிரியாணி சாப்பிட்டாயிற்று என்கிறான். சரிடா என்று திரும்பி வருகிறாள். டிப்போவில் விளக்கணைத்து நிறுத்தியிருக்கிற ஒரு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தூக்கைத் திறந்து, அந்தச் சாப்பாட்டை அவளே சாப்பிடுகிறாள். நிதானமாக, ஒரு பருக்கை விடாமல். கடைசியில் விரலால் தூக்கின் அடியை வழித்து நக்குகிறாள். பின்னணியில் இசை இல்லை, வசனம் இல்லை, முகத்தில் துக்கமும் இல்லை. ஒரு நிமிஷம் இருக்குமா? சுகந்திக்கு நெஞ்சு உடைந்துபோயிற்று. அவளை யாரும் பார்க்கவில்லை, பார்க்காததனால்தான் வயிறு நிறையச் சாப்பிடுகிறாள், அப்படித்தான் சுகந்திக்குப் பட்டது. சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, உதட்டைக் கோணி, யாருக்கும் காட்ட வேண்டியிராத அழுகை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக முகத்தைத் துடைத்தாள்.

இடைவேளை விட்டதும் விளக்கு பளீரென்று கண்ணைக் குத்தியது. "எப்படிப் போகுது?" என்றான் ஜெகதீசன். உடனே தானே வாயைப் பொத்திக்கொண்டான், நடுவில் கருத்துக் கேட்கக் கூடாது என்பதும் அவன் சட்டம்தான். "நீ ஆதினிய பாத்ரூம் கூட்டிட்டுப் போயிட்டு, பாப்கார்ன் லைன்ல நில்லு. நான் கேமரா போன் சார்ஜ் பாக்கறேன்." எட்டு ஜோடி முழங்கால்களைத் தாண்டி வெளியே வந்தாள். சனிக்கிழமை மால் திருவிழாவாகக் கிடந்தது, எஸ்கலேட்டரில் ஜனம் அடுக்கி நிற்கிறது, பிறந்தநாள் தொப்பியோடு பத்துப் பிள்ளைகள், வெண்ணெய் வாசனை, எங்கிருந்தோ பவர்பேங்க் கேட்டு அலைகிற ஒரு ஜோடி, செல்ஃபிக்கு வளைந்து நிற்கிற கல்லூரிப் பெண்கள், அதில் ஒருத்தி இன்னொருத்தியை இடித்து, "ஏய், அழுகாச்சி அக்காடி" என்றாள். சுகந்தி தரையைப் பார்த்தாள். வரிசை நகர்ந்தது. கவுண்டரில் தொப்பி போட்ட பெண், "பெருசா, மீடியமா மேடம்? மொபைல் நம்பர் சொல்லுங்க, பாயிண்ட்ஸ் ஏறும்" என்றாள். சுகந்தியின் வாய் தன்பாட்டுக்குப் பத்து எண்ணையும் ஒப்பித்தது. பதிமூன்று வருடமாக ஒப்பிக்கிற எண்தான், மளிகைக் கடையில், ஜவுளிக் கடையில், மருந்துக் கடையில், கேஸ் ஏஜென்சியில், யார் நம்பர் என்றாலும் அந்த நம்பர்தான், வீட்டுக்காரர் நம்பர். அதைச் சொல்ல அவளுக்கு யோசனையே தேவையில்லை, மூச்சு விடுகிற மாதிரி. பின்னாலிருந்து டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. ஜெகதீசன் வந்து நின்றிருந்தான், அவன் சட்டைப் பையிலிருந்து அந்தச் சத்தம். எடுத்துப் பார்த்தான். "பாயிண்ட்ஸ் ஏறிடுச்சு" என்றான். பையில் போட்டுக்கொண்டான். சுகந்தி பாப்கார்ன் டப்பாவை வாங்கிக்கொண்டாள், சூடு விரலைச் சுட்டது, அவளுக்கு அது உறைக்கவில்லை. புதன்கிழமை. புதன்கிழமை இதே கவுண்டர். மொபைல் நம்பர் சொல்லுங்க மேடம் என்றார்கள். அவள் சொன்னாள். டிக்கெட்டுக்கு ரொக்கம் கொடுத்த கெட்டிக்காரி, பாப்கார்னுக்கு வீட்டுக்காரர் நம்பரை ஒப்பித்துவிட்டாள்.

மறுபடி எட்டு ஜோடி முழங்கால், மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க, விளக்கணைந்தது. மூன்று நாள். மூன்று நாளாக அந்த மெசேஜ் அவன் பையில் உட்கார்ந்திருக்கிறது. தியேட்டர் பெயரோடு, நேரத்தோடு, பதினொன்று இருபது என்று வந்திருக்கும். அவன் பார்த்திருக்க மாட்டான். அவன் மெசேஜ் பார்க்கிற ஆள் இல்லை, ஆயிரத்து இருநூறு படிக்காமல் கிடக்கிறது, சிவப்பு வட்டத்தில் அந்த எண்ணை அவளே பார்த்திருக்கிறாள், இப்போது எதற்கு எடுத்துப் பார்த்தான்? கை சும்மா இருந்ததனால் பார்த்தான். கேமரா போனுக்குச் சார்ஜ் பார்த்த கையோடு இதையும் பார்த்தான். புதன்கிழமை ஷோரூமில் கூட்டமாக இருந்திருக்கும், பார்த்திருக்க மாட்டான். புதன்கிழமை என்ன கூட்டம், புதன்கிழமை யார் டைல்ஸ் வாங்குகிறார்கள்? திரையில் கதாநாயகன் வட்டிக்காரனோடு கட்டிப் புரள்கிறான், காது கிழிகிறது. புதன் ராத்திரி அவன் என்ன பேசினான்? நினைவுபடுத்து. வந்தான், குளித்தான், ரசம் நல்லாருக்கு என்றான். எப்போதும் ரசத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டான், அன்றைக்கு ஏன் சொன்னான்? இன்னிக்கு ஆபீஸ்ல என்ன விசேஷம் என்று கேட்டான். தினமும் கேட்பானா? தினமும் கேட்பான். இல்லை, தினமும் கேட்பதில்லை, எப்போதாவதுதான். அவள் ஒண்ணுமில்ல என்றாள். ஒண்ணுமில்லையா என்று திருப்பிக் கேட்டானா, அல்லது அதை இப்போது அவளாகச் சேர்த்துக்கொள்கிறாளா? வியாழக்கிழமை முறுக்கு வாங்கி வந்தான். வெள்ளிக்கிழமை ஆதினியிடம், அம்மாவத் தொந்தரவு பண்ணாத, அவ டயர்டா இருக்கா என்றான். தெரிந்தவன்தான் அப்படிச் சொல்வான். தெரியாதவனும் சொல்வான். தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? யாரோடு போனே என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்டால் சொல்லிவிடுவாள், யாரோடும் போகலை என்று, அதை அவன் நம்புவானா, தனியாகப் படம் பார்ப்பதற்கு ஒரு பொம்பளை எதற்கு லீவு போட வேண்டும் என்று யாருக்குத்தான் புரியும், அவளுக்கே புரியவில்லை. ஒருவேளை நினைத்திருப்பானோ? வேறு மாதிரி. மூன்று நாளாக அதை மனதில் வைத்துக்கொண்டு தோசை வார்த்தானா, இஸ்திரி போட்டானா? பாவம், அப்படியென்றால் பாவம், உடனே சொல்லிவிட வேண்டும், இப்போதே, காதோரம், என்னங்க, நான் தனியாத்தான் வந்தேன். சொன்னால் பஸ் காட்சியைச் சொல்ல வேண்டி வரும். அதை மட்டும் சொல்ல மாட்டாள். ஆதினி தோளைச் சுரண்டி, "அம்மா, பாப்கார்ன் கீழ கொட்டுது" என்றாள். டப்பா சரிந்து மடியெல்லாம் சோளப்பொரி. புடவையின் இஸ்திரி மடிப்பில் ஒரு எண்ணெய்ப் பொட்டு. ஜெகதீசன் திரும்பிப் பார்த்தான், குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டான், கையைத் தட்டிக்கொடுத்தான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கையை எடுக்கவில்லை, அவள் கைமேலேயே வைத்துக்கொண்டான்.

தூக்கை எடுத்துக்கொண்டு அக்கா கிளம்பிவிட்டாள். இப்போதா, இவ்வளவு சீக்கிரமா? புதன்கிழமை இது வெகு நேரம் கழித்து வந்த மாதிரி இருந்தது. சுகந்தி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். பார்க்காமல் இருந்துவிடலாம், கண்ணை மூடிக்கொள்ளலாம், மூடினால் ஏன் மூடினாய் என்று ஆகும். திறந்த கண்ணோடு பார்க்காமல் இருப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள், திரையின் மேல் ஓரத்தில் ஒளிரும் சின்னப் பச்சைப் பலகையை, வெளியே போகும் வழி என்று எழுதியதை, அதையே பார்த்தாள். அம்புக்குறி இடது பக்கம் காட்டியது. ஷெட்டில் தம்பியின் சிரிப்பு கேட்டது. சரிடா என்றாள் அக்கா. பஸ்ஸின் படியில் ஏறுகிற காலடிச் சத்தம், இரண்டு படி, தூக்கின் மூடி திறக்கிற சத்தம். அரங்கத்தில் இந்த இடத்தில் எல்லோரும் செல்போனைப் பார்க்கிறார்கள், முன் வரிசையில் நாலைந்து நீல வெளிச்சம், பின்னால் ஒருவர் வீட்டுக்குப் பால் வாங்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்கிறார். இவர்களுக்கு நடுவில் அவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். விரலால் வழிக்கிற சத்தம். சுகந்தியின் தொண்டை தன்னையறியாமல் ஒரு தரம் விழுங்கியது. அவ்வளவுதான், கண் காய்ந்தே இருந்தது, உதடு அசையவில்லை, ஒரே ஒரு தடவை தொண்டை. கைமேல் இருந்த கை லேசாக அழுத்தியது. திரும்பாமலே அவளுக்குத் தெரிந்தது, ஜெகதீசன் திரையைப் பார்க்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு அவன் திரையையே பார்க்கவில்லையோ என்னவோ. பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினாள். பிறகு பாட்டு வந்தது, மழை வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, தம்பி செத்தான், அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சியது, ஆதினி தேம்பித் தேம்பி அழுதாள், பால் வாங்க வேண்டியவர்கூட அழுதார், சுகந்தி கண்ணை அகல விரித்து இமைக்காமல் பார்த்தாள், எரியுமா, எரிந்தால் ஒரு சொட்டாவது வருமா என்று. வரவில்லை. செத்துப்போன அம்மாவை நினைத்தாள், வரவில்லை. ஆதினி பிறந்தபோது இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்ததை நினைத்தாள், அது எப்போதும் கைகொடுக்கும், போன தீபாவளிப் படத்துக்கு அதுதான் கைகொடுத்தது, இன்றைக்கு அதுவும் வரவில்லை. விளக்குப் போட்டுவிட்டார்கள்.

வெளியே ஆளுயரப் போஸ்டர் பக்கத்தில் வழக்கமான இடம். பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜெகதீசன் ஆதினியின் முகத்தைப் பார்த்து, "செம்ம, நீ ரெடி" என்றான், சுகந்தியின் முகத்தைப் பார்த்தான், செல்போனைத் தாழ்த்திக்கொண்டான். ஆதினியைப் போஸ்டர் பக்கம் நிறுத்தி வைத்துவிட்டு அவள் காதோரம் வந்தான். கேட்கட்டும், கேட்டுத் தொலைக்கட்டும், மூன்று மணி நேரம் போதும்.

"என்ன சுகா, காஞ்சு கெடக்கு?"

"தலைவலிங்க."

"தலைவலி இல்ல." குரலில் கோபம் இல்லை. "புதன்கிழமை பாத்துட்டேல்ல?"

அவள் புடவையின் எண்ணெய்ப் பொட்டை முந்தானையால் மூடினாள்.

"மெசேஜ் வந்துச்சு. அன்னிக்கே பாத்தேன்."

"நான் தனியாத்தான் வந்தேன். சத்தியமா. ஆதினி மேல சத்தியமா..."

"ஐய, அதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஒரு சின்ன பாப்கார்னு, ஒரு ஆளுக்கு. பில்லுலயே போட்டிருக்கான்." சிரித்தான். நல்ல சிரிப்பு, அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வைத்த அதே சிரிப்பு. "நானே நெனச்சேன், நல்ல ஐடியாதான்னு. முன்னாடியே ஒரு தடவ பாத்துட்டா, என்ன பேசறதுன்னு உனக்கும் ரெடியா இருக்கும், திணற மாட்ட. அடுத்த படத்துலேந்து நானே புதன்கிழமை ஒரு டிக்கெட் போட்டுடறேன். ரொக்கம் கொடுத்து லைன்ல நிக்க வேணாம். என்ன?"

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டினாளா? ஆட்டியிருக்க வேண்டும், அவன் திருப்தியாகத் தோளைத் தட்டினான். அவன் கத்தியிருக்கலாம். சந்தேகப்பட்டிருக்கலாம், பெயர் கேட்டிருக்கலாம், அடித்திருந்தால்கூட புதன்கிழமை அவளிடமே இருந்திருக்கும். அவன் அதை எடுத்து, தூசி தட்டி, அடுத்த வாரத்துக்கு ஆகும் என்று தன் பையில் போட்டுக்கொண்டான்.

"இப்ப சொல்லு. அன்னிக்கு எங்க அழுத? அத நெனச்சுக்கோ, வந்துடும்." குரலைத் தாழ்த்தினான். "பஸ்ல உக்காந்து சாப்புடறாளே, அங்கதான?"

"இல்லங்க" என்றாள் சுகந்தி.

"எனக்கு என்னமோ அங்கதான்னு..."

"அங்க இல்ல. தம்பி சாகறப்பதான்."

"அது எல்லாரும் சொல்றதுதான்" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அவன் நம்பிவிட்டான். பொய் சொல்ல வராத வாய் இவ்வளவு சுத்தமாகச் சொல்லும் என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பஸ், அந்த ஒரு நிமிஷம், அவ்வளவுதான் இனிமேல் அவளுடையது, இதற்கு மேல் ஒன்றும் இல்லை, அடுத்த புதன்கிழமை டிக்கெட் அவன் கணக்கில் வரும், இருக்கைகூட அவனே பார்த்துப் போடுவான், நட்டநடுவில். இதை நினைத்தபோது மூக்கு முதலில் எரிந்தது. பிறகு உதடு. ஐயோ இப்போதா, வேண்டாம், இப்போது வேண்டாம், பல்லைக் கடித்தாள், கண் பொங்கி வந்துவிட்டது. ஜெகதீசன் துள்ளினான். செல்போன் மேலே வந்தது, சிவப்புப் புள்ளி எரிந்தது, மற்ற கையால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஆதினி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "வணக்கம் மக்களே, சனிக்கிழமை குடும்பம். அக்காவப் பாருங்க" என்றான். சுகந்தி முந்தானையைத் தேடினாள், அவன் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னான், துடைக்காத. கை கீழே இறங்கியது. தம்பி சாகும் காட்சியைப் பற்றி மூன்று நிமிஷம் பேசினாள், திக்கித் திக்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பற்றி, அவன் காலிலிருந்து நழுவிய செருப்பைப் பற்றி, நடுநடுவே பேச்சு வராமல் நின்றாள். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கல்லூரிப் பெண்களும் படம் எடுத்தார்கள். ஒருத்தி தானும் அழுதாள்.

"இதுவரைக்கும் எடுத்ததுலயே இதுதான் டாப்பு" என்றான் ஜெகதீசன், எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டே. ஆதினி ஐஸ்கிரீம் கேட்டாள். சுகந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைக் கூட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். ஒரு ஸ்ட்ராபெரி. "மொபைல் நம்பர் மேடம்?" என்றார்கள். அந்தப் பத்து எண்ணும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. விழுங்கினாள். தன்னுடைய நம்பரைச் சொல்லலாம் என்று நினைத்தாள், தொண்ணூற்றாறு, பிறகு இரண்டு சைபர், பிறகு ஏழா, ஒன்றா. தனக்குத் தானே அவள் எப்போது போன் செய்திருக்கிறாள், தெரிவதற்கு? பின்னால் வரிசை முணுமுணுத்தது. "நம்பர் இல்ல" என்றாள். "நம்பர் வேண்டாம்." அதற்குள் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, செல்போன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஜெகதீசன் பத்து எண்ணையும் கடகடவென்று சொன்னான். அவன் பையிலிருந்த இன்னொரு போன் டிங் என்றது.